கூடாரத்துக்கு எத்தனை பேர்?

அழைப்பு மணி ஒரு தடவை அடித்தது. யாராவது எழுந்து வருவதற்குள் சேர்ந்தாற்போல் மூன்று தடவை அடித்தது. "மனபே வீடு! பார்சல்!" என்று கூரியர்க்காரர் போட்ட சத்தத்தில், சமையலறைத் தராசின் மேல் சனாயே அடுக்கியிருந்த மூன்று ஜோடி காலுறைகளும் சரிந்து தரையில் விழுந்தன.

"நான் பாக்கறேன்!" என்று கணவர் தெட்சுரோ கூடத்திலிருந்து கிளம்பினார்.

இந்த வீட்டில் மணி அடித்தால் ஓடுவது இப்போது அவர் வேலை. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். எதையும் விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. படுக்கப் போகுமுன் கேஸ் குழாயைப் பார்த்து "மூடியாச்சு, சரி!" என்பார். பின்கதவைப் பார்த்து "பூட்டியாச்சு, சரி!" என்பார். பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட அந்தச் சத்தம் பழகிவிட்டது.

"பார்சல் ஒன்று, சரி! பெயர், சரி!" என்று வாசலில் குரல் கேட்டது. பிறகு அட்டை கிழிபடும் சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"சனாயே."

"என்னங்க?"

"இங்க கொஞ்சம் வாயேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தெட்சுரோ தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கூடாரம் சுருட்டி வைத்த பச்சை நிறப் பை. அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'இருவருக்கானது' என்று அச்சிட்டிருந்தது.

"தப்பா அனுப்பிட்டாங்க போல" என்று ஆரம்பித்தாள் சனாயே.

அவர் காதில் அது விழவில்லை. அவர் கழுத்து சிவந்திருந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் அந்தக் கழுத்து சிவந்து அவள் பார்த்தது மூன்றே தடவை. கல்யாணத்தன்று, மகள் கனகோ பிறந்தபோது, மேலதிகாரி வீட்டில் சாக்கே மது அதிகமாகிப்போன ஒரு புத்தாண்டு அன்று.

"நேரடியாவே கேட்டிருக்கலாமே" என்றார். "நான் என்ன, மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"எதைங்க?"

"சரி சரி. வெக்கப்படாத." பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மேலே அலமாரி திறந்தது. பழைய முதுகுப்பையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

சனாயே காலுறைகளைப் பொறுக்கி மறுபடி தராசில் வைத்தாள். நூற்று எழுபது கிராம். முள் எங்கே நிற்கிறது என்பது கண்ணில் பட்டதே தவிர மனசில் ஏறவில்லை.

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அந்த நிமிஷம் மாடிப்படி ஏறிப் போய்விட்டது.

அவள் எண்பத்தெட்டுக் கோயில் யாத்திரைக்குக் கிளம்புகிறாள். ஷிகோகு தீவைச் சுற்றி ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நாள், நடந்தே. பள்ளி மதிய உணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் அறுநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு, அறுபது வயதானதும் மார்ச் கடைசியில் ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள். வேலைக்கு நன்றி சொல்ல, அம்மாவின் ஆத்மா சாந்திக்கு என்று ஊரெல்லாம் காரணம் சொல்லியிருந்தாள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. தனியாகப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற கணவன்மார்களுக்கு உணவுக் கூடத்துப் பெண்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஈரச் சருகு. எவ்வளவு பெருக்கினாலும் துடைப்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். "உன் வீட்டுச் சருகு எப்படி இருக்கு சனாயே? காஞ்சுச்சா?" என்று கூட வேலை பார்த்த முத்சுகோ தினம் கேட்பாள். காயவில்லை. கடைக்குப் போனால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. அவள் போனில் பேசினால் பக்கத்தில் நின்று தலையாட்டியது. காலைத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே "மத்தியானம் என்ன?" என்று கேட்டது. குடித்துவிட்டுக் கத்துகிற மனுஷராக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். தெட்சுரோ நல்லவர். திட்டுவதற்குக்கூட ஒரு பிடி கிடைக்காது.

புத்தாண்டுக்கு முன்னால் யாத்திரை விஷயத்தைச் சொன்னபோது, "போயிட்டு வா" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். அவளே அசந்துபோனாள். இப்போது புதன்கிழமை கிளம்ப வேண்டும். இன்றைக்கு வெள்ளி.

மெல்லக் கடைக்குப் போன் போட்டாள். நகருக்குள் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் மலையேற்றச் சாமான் கடை. முதலாளி தொமிகாவாவே எடுத்தார்.

"உங்க ஃபேக்ஸ்ல ரெண்டு பேர்னுதானே போட்டிருந்தீங்க அம்மா?"

"நான் ஏங்க ரெண்டுன்னு எழுதப்போறேன்? நான் ஒருத்திதான் போறேன்."

"எழுதியிருந்தீங்களே. சரி, பரவாயில்ல, நாளைக்குக் கொண்டு வாங்க. இங்கயே விரிச்சுப் படுத்துப் பாத்து மாத்திக்குங்க. படுத்துப் பாக்காம டென்ட் வாங்கறதே தப்பு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தெட்சுரோ பின்னால் நிற்கிறார்.

"எதுக்கு மாத்தணும்?"

"கனம்ங்க. ஒன்றரைக் கிலோ. முட்டிக்கு எல்லாம் சேர்த்தே ஆறு கிலோதான்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டென்ட்டை நான் தூக்கறேன்."

"உங்க முதுகு வலி?"

தெட்சுரோ கையை வளைத்துத் தன் முதுகையே சுட்டினார். "முதுகு, சரி!"

"நாப்பத்தஞ்சு நாள்ங்க. உங்க பூந்தொட்டிக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்தறது?"

"கனகோ வருவா. பார்சல் வந்ததுமே அவகிட்ட சொல்லிட்டேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அவளுக்கு! 'அம்மாவா கூப்பிட்டாங்க, நம்பவே முடியலையே'ன்னா."

சாயங்காலம் அவர் புது ஷூ வாங்கிவந்தார். அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நாற்பது தடவை ஏறி இறங்கினார். சனாயே அரிசியைக் கழுவிக்கொண்டே எண்ணினாள்.

*

தொமிகாவாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கூடாரக் கம்பி மாதிரியே ஒல்லி. தீவுக்கு வெளியே, நகானோ மலைப் பக்கத்துக்காரர், இந்தத் தகாமத்சு ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான். கிராம் கணக்கில் அவருக்குப் பைத்தியம். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக வெட்டி வைத்திருப்பார். சட்டைக் காலரின் துணி லேபிளைக்கூடக் கத்தரித்துவிடுவார் என்று அவர் கடைக்குப் போய்வந்தவர்கள் சிரிப்பார்கள். சனாயே அவரிடம் வந்ததே அதற்காகத்தான். இருபத்தாறு வருஷம் உப்பையும் மிசோ விழுதையும் கிராமில் நிறுத்தவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது.

"எத்தனை ராத்திரி வெளியில படுப்பீங்க அம்மா?"

"முப்பது இருக்கும். மழை பலமாச்சுன்னா விடுதி."

"எந்த மாதிரி இடம்?"

"பஸ் நிக்கற கொட்டகை, பூங்கா, துறைமுகம். விட்டாங்கன்னா கோயில் வண்டி நிறுத்தற இடம்."

தொமிகாவா அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நாலைந்து வாழைப்பழக் கனம்தான்.

"ஐநூத்தி அறுபது கிராம்."

சனாயேவின் முகம் மலர்ந்தது. "இவ்வளவுதானா? கம்பியோடவா?"

"கம்பியே கிடையாது. அதான் விஷயம். நீங்க ஊனி நடக்கற கோல் இருக்கில்ல, அதை நடுவுல நிறுத்தித் துணியை இழுத்துக் கட்டணும். யாத்திரைக் கோல் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்."

தெட்சுரோ மூச்சை உள்ளே இழுத்தார். "அந்தக் கோலையா?"

"ஆமா சார். அதேதான்."

"அந்தக் கோல் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

யாத்திரைக் கோல் வெறும் கட்டை இல்லை. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீவைச் சுற்றி நடந்த துறவி கோபோ தைஷியே கோலாகக் கூட வருகிறார். விடுதிக்குப் போய்ச் சேர்ந்தால் முதலில் கோலின் அடியைக் கழுவி, அறைக்குள் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுத்தான் தன் காலைக் கழுவ வேண்டும்.

"பகல் முழுக்க மனுஷனை நடக்க வெச்சுட்டு," என்றார் தெட்சுரோ, "விடிய விடியத் துணியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?"

தொமிகாவா இடுப்பை வளைத்துக் குனிந்தார். "மன்னிக்கணும் சார். நான் நகானோக்காரன்."

சனாயேவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு காலால் தரையைத் தட்டினாள். "அவரு நின்னாலும் இது நிக்காதுங்க. நாலு பக்கமும் முளை அடிக்கணும் இல்ல? துறைமுகத்துல எங்க மண்ணு இருக்கு? எல்லாம் சிமென்ட்டு."

"அதுவும் சரிதான்" என்று தொமிகாவா மனசில்லாமல் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப உங்களுக்குத் தன்னால நிக்கற டென்ட்தான். கனம் கொஞ்சம் ஏறும்."

"தன்னால நிக்கறதுதான் இங்கயே இருக்கே!" தெட்சுரோ அதற்குள் பச்சைப் பையைப் பிரித்துக் கடைத் தரையில் கொட்டிவிட்டார். "கம்பி ரெண்டு, சரி! முளை பன்னிரண்டு, சரி! மேல்துணி, சரி!"

ஐந்து நிமிஷத்தில் இருவர் கூடாரம் நின்றது. மழைக்கோட்டு அலமாரிப் பக்கம் இருந்த ரெண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். தெட்சுரோ குனிந்து உள்ளே போய் மல்லாந்து படுத்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். "வா, வா. படுத்துப் பாக்கணும்னாரே."

சனாயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பக்கத்தில் படுத்தாள். இடம் தாராளம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் முழங்கை அவள் விலாவில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். முகத்துக்கு மேலே பச்சைத் துணி. ரெண்டு பேர் மூச்சு.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர் திருப்தியாக.

"ம்."

பிறகு அவர் அவள் பக்கமாகத் தலையைத் திருப்பினார்.

"சனாயே, மத்தியானம் என்ன? உதோன் நூடுல்ஸா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கூடாரத்தை விட்டு வெளியே வந்து, ஷூவைக்கூடப் போடாமல் கல்லாப் பக்கம் நடந்தாள்.

"தொமிகாவா, என் ஃபேக்ஸைக் கொஞ்சம் எடுங்க."

"எதுக்கும்மா? தப்பு யாருதுன்னு பாக்கவா? பரவாயில்லம்மா, மாத்திக்கலாம்னு சொன்னேனே."

"எடுங்க."

அவளுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. 'ஒன்று' என்றுதான் எழுதியிருப்பாள். தன் வாயால் சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லிவிட்டால் போதும். 'பாருங்க, கடைக்காரர் தப்பு' என்று அவரிடம் காட்டலாம். யாருக்கும் மனசு நோகாது.

தொமிகாவா கோப்பைப் புரட்டி ஒரு தாளை உருவினார். அதற்குள் தெட்சுரோவும் வந்துவிட்டார். தாள் அவர் கைக்குத்தான் போனது.

பெயர், மனபே சனாயே. பயணம், எண்பத்தெட்டுக் கோயில், நடை. ஆட்கள் என்ற கட்டத்தில் அவளுடைய தூரிகைப் பேனா எழுத்து, தடித்து, கொஞ்சம் கலங்கி.

தெட்சுரோ விரலை நீட்டினார். "உன் கையெழுத்துதான். ஆட்கள், இருவர், சரி!" என்று சொல்லிப் பெருமையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

சனாயே எட்டிப் பார்த்தாள். தன் எழுத்துதான். இருவர் என்றுதான் இருக்கிறது.

அப்புறம் அவர் விரல் கொஞ்சம் மேலே நகர்ந்தது. மேலிருந்து கீழாக எழுதிய அந்த 'இருவர்' என்பதற்கு மேலே இன்னும் இரண்டு எழுத்து இருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

ஒன்றாய்ப் போகும் இருவர். ஜப்பானியத்தில் நாலே எழுத்து. யாத்திரை போகிறவரின் மூங்கில் தொப்பியில், வெள்ளைச் சட்டையின் முதுகில், கோயில் கோயிலாகப் போட்டுவிட்டு வரும் பெயர்ச் சீட்டில், எங்கும் அதுதான் இருக்கும். தனியாக நடக்கிறவரும் தனி இல்லை, தைஷியும் கூட நடக்கிறார் என்று அர்த்தம். அந்த வாரம் சனாயே தாளைக் கத்தரித்து இருநூறு பெயர்ச் சீட்டு தன் கையாலேயே எழுதியிருந்தாள். இருநூறு தடவை அந்த நாலு எழுத்து. இருநூற்றோராவது தடவை கை தன் பாட்டுக்குக் கடைக்காரரின் கட்டத்துக்குள்ளும் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

"சேர்ந்து போறவங்க ரெண்டு பேர்னுதானே போட்டிருக்கு?" என்றார் தொமிகாவா, ஒருவர் முகத்தையும் இன்னொருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து. "நான் சரியாத்தானே அனுப்பினேன்?"

"ஓ" என்றார் தெட்சுரோ. "அந்த ரெண்டா."

தாளைக் கல்லாவின் மேல் வைத்து, மடங்கியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

"ரெண்டாவது ஆள் நான் இல்ல."

"சொல்லத்தான் நெனச்சேங்க" என்றாள் சனாயே. "அதுக்குள்ள நீங்க ஷூ வாங்கிட்டு வந்துட்டீங்க."

"நல்ல ஷூ அது." அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "குப்பை கொட்டப் போகையில போட்டுக்கறேன்."

"என்னங்க..."

"கனகோகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் சொல்லாத. முதுகு வலின்னு சொல்லிடறேன்."

தொமிகாவாவுக்கு எழுத்துதான் புரியவில்லையே தவிர மற்றது புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் போய் இன்னொரு கூடாரத்தை எடுத்துவந்து இருவர் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சாம்பல் நிறம். ஒருவருக்கானது. தொள்ளாயிரத்து முப்பது கிராம். முளை இல்லாமலே நின்றது. கதவு நீள வாக்கில்.

"இதுல கொஞ்சம் படுத்துப் பாருங்கம்மா. தலை, கால் ரெண்டும் இடிக்குதான்னு பாருங்க."

சனாயே தெட்சுரோவைப் பார்த்தாள். அவர் ஷூ போட்டுப் பார்க்கிற முக்காலியில் உட்கார்ந்திருந்தார். போ என்பதுபோல முகவாயை அசைத்தார்.

அவள் உள்ளே போனாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

ரெண்டு கையையும் விரித்தால் ரெண்டு பக்கத் துணியும் விரலில் தட்டுகிறது. காலை நீட்டிப் படுத்தால் பாதத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் மிச்சம். பையை அங்கே வைக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கவில்லை. துணி வழியாக வந்த வெளிச்சம் மழை நாள் காலை மாதிரி இருந்தது. வெளியே யாரோ ஷூவைத் தரையில் தட்டிப் பார்த்தார்கள், கல்லாப் பெட்டி திறந்து மூடியது, கீழே தெருவில் ஒரு பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. எல்லாம் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டது. அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். இடிக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஒரு நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டிருந்தது. பிறந்த வீட்டில் நாலு பெண்கள் ஒரே அறையில் படுத்தார்கள். அங்கிருந்து நேராக இந்த வீடு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இத்தனை வயதுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

முக்காலி நகர்ந்தது. காலடி வந்து கூடாரத்துக்கு வெளியே நின்றது.

"காத்து வருதா?" தெட்சுரோவின் குரல்.

"வருதுங்க."

"கால் முட்டுதா?"

"இல்ல."

"ஜிப்பு? ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாத்தியா?"

"நல்லா ஓடுதுங்க."

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆட்கள்," என்றார். "ஒன்று." நடுவில் ஒரு மூச்சு நின்றது. "சரி!"

விரல் நீண்டிருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. சனாயே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அம்மா," தொமிகாவா வெளியிலிருந்து தயங்கித் தயங்கிப் பேசினார், "அகலம் குறைச்சல்தான். இப்ப சார் சொல்லித்தான் எனக்கும் தெரிஞ்சுது, கோலை உள்ள வெக்கணும்னா நீங்க ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். இதைவிடக் கொஞ்சம் அகலமானது ஒண்ணு இருக்கு. அம்பது கிராம்தான் கூட."

"அட ஆமா" என்றார் தெட்சுரோ. அவர் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியிருந்தது. "அதைக் கேக்க மறந்துட்டேனே. சனாயே, ராத்திரி தைஷி எங்க படுப்பாரு? உன் பக்கத்துலயா?"

ஜிப் திறக்கவில்லை.

"அவரும் வெளியிலதாங்க."